ஜீப்பில் அக்கா மாட்டிய பாட்டுப்பெட்டி

என் அக்காவுக்குப் பழைய சாமான் என்றால் உயிர். ஏலக்காய்த் தோட்ட வேலை முடிந்து கம்பத்தில் ஜீப்பை விட்டு இறங்கியதும் மற்ற பெண்கள் காய்கறிக் கடைப் பக்கம் போவார்கள். இவள் பழைய இரும்புக்கடைக்குப் போவாள். மலைமேல் எஸ்டேட் பங்களாக்களை ஒழிக்கும்போது கழிபடுகிற சாமான்கள் அங்கேதான் வந்து விழும். கைப்பிடி இல்லாத பீங்கான் கோப்பை, ஓடாத சுவர்க் கடிகாரம், கண்ணாடி கீறிய படச்சட்டம் என்று எதையாவது முந்தானையில் துடைத்துக்கொண்டே வீட்டுக்கு வருவாள். ஒருதடவை பனிமலைப் படம் ஒன்று வந்தது. அது எந்த ஊர் மலை என்று யாருக்கும் தெரியாது. டிவிக்கு மேலே மாட்டிவிட்டு, “போனா இந்த மாதிரி எடத்துக்குப் போகணும்” என்றாள். வாழைத்தார் ஏற்றும் வேலைக்குப் போய் அலுத்து வந்திருந்த மச்சான், “மொதல்ல சோத்தப் போடு” என்றார்.

டிவியில் பாட்டுப் போட்டி ஓடினால் அவளை அசைக்க முடியாது. நடுவர் வாயைத் திறப்பதற்குள், “சுதி போயிருச்சு, இவ வீட்டுக்குத்தான்” என்று தீர்ப்பு சொல்லிவிடுவாள். பாதி நேரம் தப்பாகத்தான் போகும். அதற்காக அடுத்த வாரம் சொல்லாமல் இருக்கமாட்டாள்.

ஒருநாள் அந்தக் கடையில் கார் ஸ்டீரியோ ஒன்று கிடைத்தது. பென் டிரைவ் சொருகலாம். கூடவே இரண்டு ஸ்பீக்கர். ஒன்றில் தாள் கிழிந்திருந்தது. அதை ஒட்டவைத்து, தினமும் போகிற ஜீப்பிலேயே மாட்டச் சொன்னாள். டிரைவருக்கும் சந்தோஷம்தான். அதுவரை அந்த ஜீப்பில் விடியலில் ஏறுகிற பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டே மலைப்பாதை ஏறுவார்கள். நான் அப்போது தேனியில் ஒரு அச்சகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்த கம்ப்யூட்டரில் பாட்டு ஏற்றித் தருவது என் வேலையானது. ஆளுக்கொரு பாட்டு கேட்பார்கள். யார் கேட்டது எது என்பதெல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். எதிர்வீட்டு மதினிக்கு மட்டும் சோகப் பாட்டுதான் வேண்டும். “ஒனக்கு என்ன மதினி கொறை, இப்பிடி அழுவாச்சிப் பாட்டாக் கேக்குற?” என்று அக்கா கேட்டால், “அழுகுறதுக்கு நேரமே கெடைக்கல. பாட்டுலயாவது அழுதுக்கிறேன்” என்பாள் மதினி. சீசன் முடிந்ததும் எல்லோருமாக அதே ஜீப்பில் எர்ணாகுளம் போய்க் கப்பல் பார்ப்பதாக ஒரு திட்டமும் இருந்தது.

மழைக்காலத்தில், ஒரு சாயங்காலம், இறக்கத்தில் வரும்போது ஜீப் கவிழ்ந்தது. வளைவில் கீழேயிருந்து ஒரு லாரி ஏறி வந்திருக்கிறது. டிரைவர் ஒதுக்கியிருக்கிறார். சக்கரம் ஓரத்து மண்ணில் இறங்கி, வண்டி பள்ளத்தில் உருண்டு ஒரு மரத்தில் முட்டி நின்றது. டிரைவர் அங்கேயே போய்விட்டார். மதினியைத் தூக்கிக்கொண்டு வரும் வழியிலேயே உயிர் பிரிந்தது. அக்காவுக்குக் காறை எலும்பும் ஒரு காலும் முறிந்திருந்தன.

தேனி பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கும்போது கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் வார்த்தை, “பாட்டு நின்னுருச்சா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மயக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன். மறுநாள் அவளே சொன்னாள். வண்டி தலைகீழாகக் கிடந்தபோதும் ஸ்டீரியோ பாடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒருத்தி தண்ணீர் கேட்கிறாள், ஒருத்தி பிள்ளை பேரைச் சொல்லிக் கத்துகிறாள், நடுவில் கல்யாணப் பாட்டு. அக்காவின் கை சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. எட்டி அணைக்க முடியவில்லை. ரோட்டில் போன யாரோ இறங்கி வந்து வயரைப் பிடுங்கும்வரை அது பாடியது.

“மதினி எம்மேலதான் கெடந்தா. அவ மூச்சு எனக்குத் தெரியுது. அந்தப் பாட்டுச் சத்தத்துல அவ என்னமோ சொன்னா. என்னன்னு கேக்கல ஆத்தா.”

அவள் வீடு திரும்புவதற்குள் தெருவில் பேச்சு எழுந்துவிட்டது. பாட்டை அலறவிட்டதால்தான் லாரிக்காரன் அடித்த ஹாரன் டிரைவர் காதில் விழவில்லை என்றார்கள். யார் தொடங்கியது என்று தெரியாது. மதினியின் வீட்டுக்காரர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், ஒரு காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அக்கா கட்டுப் போட்ட காலை நீட்டிக் கட்டிலில் இருந்தாள்.

“தூங்கிட்டு கெடந்த வண்டிய ஆட வச்சவ நீதான? ஒனக்குப் பாட்டு, எனக்குக் கருமாதி.”

“அண்ணே, சத்தம் கொறச்சுத்தான் வச்சிருந்தேன். மதினி என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டு வந்தா. அவளுக்காகக் கொறச்சேன்.”

“செத்தவ வந்து சாட்சி சொல்லவா போறா?” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. டயர் மொட்டையாகத் தேய்ந்திருந்தது, ஆள் அதிகம், ரோடு ஈரம் என்றார். நான் அதை அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டயரின்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? கோபப்பட எதிர்வீட்டில் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அதைக்கூடத் தாங்கியிருக்கலாம். அக்காவே தன்னை நம்பாமல் போனதுதான் தாங்க முடியாததாக இருந்தது. முதலில் உறுதியாகச் சொன்னவள், போகப்போக, “கொறச்சேன்ல? செக்போஸ்ட் தாண்டி மறுபடி கூட்டுனேனா?” என்று என்னிடம் கேட்க ஆரம்பித்தாள். நான் அந்த ஜீப்பிலேயே இல்லை. “கூட்டியிருக்க மாட்டக்கா” என்பேன். “ஒனக்கு எப்படித் தெரியும்?” என்பாள். பிழைத்த பெண்களிடம் ஆளனுப்பிக் கேட்டாள். ஒருத்தி குறைச்சலாகத்தான் இருந்தது என்றாள். இன்னொருத்தி, தான் தூங்கிவிட்டதாகச் சொன்னாள். மூன்றாவது ஒருத்தி கூப்பிட்டால் போனையே எடுக்கவில்லை.

கால் ஊன்ற முடிந்ததும் அவள் செய்த முதல் காரியம், தெருவில் போன பழைய சாமான் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் தூக்கிக் கொடுத்ததுதான். ஆசைப்பட்டு மாட்டிய படத்தைக்கூடக் கழற்றிக் கொடுத்தாள். மச்சான் தடுக்கவில்லை. டிவி மட்டும் அவருக்காக மிஞ்சியது. அதையும் அவர் சத்தம் இல்லாமல்தான் வைப்பார். செய்தி வாசிக்கிறவர்கள் வாயசைப்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்.

மதினி மகளுக்குக் கல்யாணம் வந்தது. அண்ணன் பத்திரிகை வைக்க எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார். ஆனால் அந்தப் பெண் தனியாக வந்தாள். அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

“அத்தே, அம்மா அன்னைக்கு என்ன பேசிக்கிட்டு வந்தாக?”

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “மத்தியானம் ஒன்னையப் பத்திப் பேசுனா. ஒனக்கு மாப்பிள பாக்கணும், தேனிப் பக்கமாப் பாத்தா போக வர ஈசியா இருக்கும்னா. வண்டியில ஏறுனதும் தூங்கிட்டா.”

“கம்பத்துலயேதான் பாத்திருக்காக,” என்று அந்தப் பெண் அழுதாள். “நீங்க வாங்கத்தே. அப்பா எதுவும் சொல்ல மாட்டாக.”

அக்கா போனாள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லைதான். இவள் பந்தலுக்குள் நுழைந்ததும் எழுந்து வெளியே போய், மைக்செட்காரரிடம் ஏதோ பேசினார். ஒரு நிமிடத்தில் ஸ்பீக்கரின் சத்தம் கூடியது. காது கிழிகிற மாதிரி கூடியது. வேண்டுமென்றே செய்தாரா, வேறு காரணமா, எனக்குத் தெரியாது. அக்கா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வேர்த்து வழிந்தது. நான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். பெண்ணைப் பார்க்காமலே திரும்பினோம்.

இப்போது அவள் மலைக்குப் போவதில்லை. நடந்து போகிற தூரத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை. அங்கேயும் யாராவது செல்லில் பாட்டுப் போடுவார்கள். இவள் வேறு வரிசைக்குப் போய்விடுவாள்.

போன மாதம் முறிந்த காலை டாக்டரிடம் காட்டத் தேனிக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். தனியார் பஸ். வீரபாண்டி தாண்டியதும் பாட்டைப் போட்டார்கள். அக்கா கம்பியை இறுகப் பிடித்தாள். நான் எழுந்துபோய்க் கண்டக்டரிடம் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன்.

“பாட்டு இல்லைன்னா நம்ம பஸ்ல யாருக்கா ஏறுவாக?” என்று சிரித்தார். நல்ல பையன்தான். கொஞ்சம் குறைத்தும் வைத்தார். அதில் பயனில்லை. பின்சீட்டில் ஒரு கைக்குழந்தை அந்தத் தாளத்துக்குக் கை தட்டிக்கொண்டிருந்தது.

சின்னமனூரில் அக்கா எழுந்து இறங்கிவிட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நானும் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டில் வெயில் கொளுத்தியது. பஸ்ஸுக்கு மேல் பஸ் வந்தது, எல்லாவற்றிலும் பாட்டு.

“நீ போத்தா, ஒம் பிள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வந்துரும்,” என்றாள்.

“இருக்கட்டும்க்கா.”

கடைசியில் ஒரு அரசு பஸ் வந்தது. அவள் உடனே ஏறவில்லை. படியில் ஒரு காலை வைத்து, தலையை உள்ளே நீட்டி, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகுதான் என்னைக் கூப்பிட்டாள்.