செவ்வாய், புதன் சாசேஜ்

அப்பா ஓட்டிய கிரேன் தொழிற்சாலையின் கூரையை ஒட்டி, முப்பது அடி உயரத்தில் ஓடியது. அவர் உட்காரும் கூண்டுக்கு மேலே புறாக்கள் மட்டும்தான் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. 1997 ஜூன் 6, வெள்ளிக்கிழமை, அந்தக் கூண்டில் அப்பாவுக்குத் தலை சுற்றியது. தூக்கியிருந்த இரும்புத் தகடு ஆடி, கீழே நின்றவரின் தோளை உரசிச் சென்றது. அவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. அப்பாவை இரண்டு பேர் ஏணியில் கைத்தாங்கலாக இறக்கினார்கள்.

தொழிற்சாலை டாக்டர் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். மாத்திரை எழுதினார். உப்பு நாளுக்கு அரை டீஸ்பூன்தான் என்றார். வியாழக்கிழமைதோறும் பரிசோதனை, ஆறாவது வியாழனிலும் அழுத்தம் இறங்காவிட்டால் கிரேன் கிடையாது, கீழே ஸ்டோரில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலைதான்.

என் அப்பா ஸ்டோரிலா? நான் விடுவதாக இல்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டேன். தேதி, கிழமை, வேளை, பதார்த்தம், உப்பு, குறிப்பு என்று ஆறு கட்டங்கள். சமையலறை உப்பு பாட்டிலில் தினமும் காலையில் உப்பு நிற்கும் மட்டத்துக்குப் பேனாவால் கோடு கிழித்தேன். அப்பாவுக்குத் தனிச் சட்டியில் சமைத்தார் அம்மா. அந்தச் சட்டிக்குப் போகும் ஒவ்வொரு சிட்டிகையும் என் கண் முன்னால்தான் போக வேண்டும்.

"ஏய், பாட்டில கீழ வைடி. ரசம் கொதிக்குது."

"அளந்துதான் போடணும்."

"நான் அளக்காமத்தான் பதினஞ்சு வருஷமா இந்த வீட்ல ஆக்கிப் போடுறனா?"

"வுட்டுடு," என்று கூடத்திலிருந்து அப்பா சொல்வார். "உப்பு இன்ஸ்பெக்டர் வந்துட்டாங்க. எழுந்து நின்னு சல்யூட் அடி."

எங்கள் விவேக் நகரில் பெரும்பாலான வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் ஞாயிறு பூசை முடிந்து வரும்போதுதான் கறி வாங்குவோம். சாசேஜ் என்பது கிறிஸ்துமஸ் காலையில் மட்டும். அதையும் அப்பா தொடமாட்டார். "மாவ உருட்டி வெச்ச மாதிரி இருக்கு" என்று தன் பங்கை என் தட்டுக்குத் தள்ளிவிடுவார். ஆனால் அந்த ஜூனில், முதல் பரிசோதனைக்கு முன்தினமே, அம்மா கோல்டு ஸ்டோரேஜ் கறிக்கடையிலிருந்து ஒரு பாக்கெட் பன்றி சாசேஜ் வாங்கிவந்து வாணலியில் புரட்டினார்.

நான் பாட்டிலோடு ஓடினேன். பேனாக் கோடு போட்ட இடத்திலேயே உப்பு நின்றது.

"ஒரு கல்லு கூட போடல, பாத்துக்கோ," என்றார் அம்மா.

"எழுதிக்கோ கண்ணு," என்றார் அப்பா. "சாசேஜ் நாலு. உப்பு சைபர்."

எழுதிக்கொண்டேன். எனக்கு அன்றே தேதிகள் மீது பித்து. பாக்கெட்டில் தயாரித்த தேதி, கெடும் தேதி இரண்டும் அச்சாகியிருந்த துண்டைக் கத்தரித்து, அந்தப் பக்கத்திலேயே ஒட்டினேன். இத்தனை கிராம் கொழுப்பு, இத்தனை கிராம் புரதம் என்ற அட்டவணையெல்லாம் நம் ஊர்ப் பாக்கெட்டுகளில் பரவலாக வராத காலம் அது. தேதிகளுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி மட்டும் இருக்கும். அதில் தேதி எதுவும் இல்லாததால் நான் படிக்கவில்லை.

ஐந்து வியாழக்கிழமைகள் போயின. வாராவாரம் சாசேஜும் வந்தது, நானும் துண்டை ஒட்டினேன். அழுத்தம் அசையவில்லை. நான் இன்னும் கடுமையானேன். அப்பாவுக்கு ஊறுகாய், கருவாடு, அப்பளம், பேக்கரி காரா பன் எல்லாவற்றுக்கும் தடை போட்டேன். பக்கத்து வீட்டு அத்தை கொடுத்தனுப்பிய புளியோதரையை வாசலோடு திருப்பி அனுப்பி, அதற்காக அம்மாவிடம் அடியும் வாங்கினேன். அதையும் குறிப்புக் கட்டத்தில் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 17, ஆறாவது வியாழன். பள்ளிக்கு மட்டம் போட்டு, நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அழுது அடம்பிடித்து அப்பா அம்மாவோடு தொழிற்சாலை டிஸ்பென்சரிக்குப் போனேன். டாக்டர் கன்னடக்காரர், எங்களோடு கன்னடம் கலந்த தமிழில் பேசுவார். அப்பாவின் கையில் சுற்றிய பட்டையை அவிழ்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"உப்பு கம்மி பண்ணலே நீங்க."

"பண்ணிட்டோம் சார்," என்றார் அம்மா, தரையைப் பார்த்து.

"அப்போ ஏன் எறங்கலே? நான் ஸ்டோருக்கு எழுதிர்றேன், ஆய்த்தா?"

அப்பா சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "சரிங்க சார்," என்றார். அவ்வளவு சுருக்காக அவர் எதற்கும் சரி சொல்லி நான் கேட்டதில்லை.

நான் நோட்டை மேசைமேல் வைத்தேன். "எல்லாம் இதுல இருக்கு சார். ஒரு நாள் கூட விடல."

டாக்டர் சிரித்தபடிதான் புரட்டத் தொடங்கினார். "சென்னாகிதே," என்று பாராட்டினார். ஒட்டியிருந்த துண்டு ஒன்றின் மேல் அவர் விரல் நின்றது. கண்ணாடியைத் தூக்கி, அந்தப் பொடி வரியைப் படித்தார்.

"இங்க பாரம்மா. பன்னிக்கறி, கொழுப்பு, தண்ணி, உப்பு. உப்பு உள்ளேயே இருக்கு. இது நாலு தின்னா உன் அரை ஸ்பூன் போச்சு, அதுக்கு மேலேயும் ஆச்சு." பிறகு அப்பாவிடம், "இனி இதைத் தொடக்கூடாது. ரெண்டு வாரம் டைம் கொடுக்கறேன். மக இவ்ளோ கஷ்டப்பட்டிருக்கா இல்ல?"

அப்பா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அந்தப் பார்வைக்கு என் நோட்டில் கட்டம் இல்லை.

இரண்டு வாரமும் சாசேஜ் வாங்கும் பேச்சே எழவில்லை. ஜூலை 31 அன்று அழுத்தம் இறங்கியிருந்தது. டாக்டர் கிரேனுக்குத் தகுதி என்று கையெழுத்துப் போட்டார். அந்த வரிக்கு எதிரே சிவப்பு மையில் "வெற்றி" என்று எழுதி, இரண்டு கோடு போட்டேன்.

போன மாதம் பழைய பெட்டியைக் குடைந்தபோது அந்த நோட்டு கிடைத்தது. வேறு எதையோ தேடப்போய், பழக்கதோஷத்தில் கிழமைக் கட்டத்தை மேலிருந்து கீழே வாசித்தேன். சாசேஜ் வந்த நாட்கள்: செவ்வாய், புதன். மறு வாரமும் செவ்வாய், புதன். முதல் வாரத்தில் புதன் மட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்கூட இல்லை. குறிப்புக் கட்டத்தில் என் குண்டு எழுத்து: "அப்பா மெல்லாமல் தண்ணீர் குடித்து விழுங்கினார். உப்பு இல்லாததால் ருசி இல்லை போலும்."

மறுபடி மேலே ஏறப் பயமாக இருக்கிறது என்று அப்பா வாய்விட்டுச் சொன்னால் வேலை செய்ய மறுத்ததாக எழுதிவிடுவார்கள். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டரே எழுதினால் யாரும் எதுவும் கேட்க முடியாது. அப்பாவும் அம்மாவும் பேசி வைத்துக்கொண்டுதான், வியாழன் பரிசோதனைக்கு முன்னால் பார்த்து, இதைச் செய்திருக்க வேண்டும். அந்த வாணலிக்குப் பக்கத்தில் உப்பு பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஏழு வருடம் அப்பா அந்த ஏணியில் ஏறி இறங்கினார். ஒரு விபத்தும் இல்லை. அந்த நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதன் கடைசிப் பதிவு ஆகஸ்ட் 4, திங்கள். "காலை 6.10. அப்பா மறுபடி டூட்டிக்குக் கிளம்பினார். ஷூ கயிற்றைக் கட்டக் கட்ட அவிழ்ந்தது. நான்காவது முறை அம்மா குனிந்து கட்டிவிட்டார். கயிறு பழசு. மாலையில் கடைக்குப் போய்ப் புதுசு வாங்கி வைத்தேன்."