மகளை ஹம்மர்பெஸ்டில் வைத்திருந்தேன்

நான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வசந்தத்திலும் பழைய பொருட்கள் சந்தை நடக்கும். விற்காமல் மிஞ்சியதை எறிவது பராமரிப்பாளரான என் பொறுப்பு. இந்த வருடம் ஒரு பெட்டி ஆங்கில நாவல்கள் மிஞ்சின. எல்லா அட்டையிலும் வெள்ளைத் தொப்பி கட்டிய ஒரு பெண், அவளுக்குப் பின்னால் ஒரு வயல். ஆமிஷ் கதைகள். மின்சாரமும் காரும் வேண்டாமென்று அமெரிக்காவில் குதிரை வண்டியில் போய்வரும் கிறிஸ்தவர்களைப் பற்றியவை. ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். பிறகு பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஐம்பத்துநான்கு வயது ஆண் ஒஸ்லோவின் ஹொல்ம்லியா ரயிலில் அந்தத் தொப்பிக்காரியின் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருக்க முடியாது. மண்ணிறத் தாளில் உறை போட்டேன்.

"குமர்ப்பிள்ளையள் ஒளிச்சு வாசிக்கிறதை நீங்கள் ஒளிச்சு வாசிக்கிறியள்" என்று மனைவி சிரித்தாள்.

சிரிக்கட்டும். அந்தக் கதைகளில் ஒரு தகப்பனின் சொல்லுக்கு எடை இருந்தது. ஞாயிறு மாலை பாட்டுக்கூட்டம் முடிந்து ஒரு பையன் வண்டியில் பெண்ணை வீட்டில் கொண்டுவந்து விடுவான். கையைத் தொடுவதற்கு இருநூறு பக்கம் எடுக்கும். யாருடைய பிள்ளை எங்கே நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் தங்கள் பேச்சையும் உடுப்பையும் வேதத்தையும் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுபோகிறார்கள். நாங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, மறைக்கல்வி, நடன வகுப்பு என்று பனியில் ஓடியோடி ஒரு தலைமுறையைக்கூட முழுதாகக் கொண்டுபோகவில்லை. அந்த எரிச்சலோடுதான் வாசித்தேன். எப்போதும் கடைசி அத்தியாயத்தை முதலில் பார்ப்பேன். வீட்டை விட்டுப் போன பெண் திரும்பி வருகிறாள் என்று தெரிந்தால்தான் முதல் பக்கத்துக்குப் போவேன்.

என் மகளும் போயிருந்தாள். அவள் பொறியியலாளர். போன வருடக் கோடையில் மூன்று மாதம் நோர்வேயின் வடக்கு முனையில் ஹம்மர்பெஸ்டில், எரிவாயு ஆலையில் வேலை செய்தாள். திரும்பி வந்ததும் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லில்லெஸ்ட்ரோமில் ஒரு நோர்வேப் பையனோடு வீடு எடுத்தாள். கல்யாணம் இல்லை. இந்த நாட்டில் அது ஒரு செய்தியே இல்லை. நான் சண்டை பிடிக்கவுமில்லை. "கவனமாய் இரு பிள்ளை" என்றேன். அவளுடைய கட்டிலைக் கழற்றி வேனில் ஏற்றியதும் நான்தான்.

அடுத்த மாதம் கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்த் திருப்பலி முடிந்து தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது ஒருவர், "எங்கை மகளைக் காணேல்லை?" என்று கேட்டார்.

"ஹம்மர்பெஸ்டிலை" என்றது என் வாய்.

அன்றிலிருந்து அவளை அங்கேயே வைத்திருந்தேன். வேலையை நீடித்தார்கள் என்றேன். புயலில் விமானம் ஓடவில்லை என்றேன். எங்கள் ஆட்களில் இது நான் மட்டும் செய்கிற வேலை இல்லை. ஒருவருடைய மகன் ஐந்து வருடமாக ஸ்கொட்லாந்தில் முதுகலை படித்துக்கொண்டிருக்கிறான். அவனை ஒஸ்லோவில் குழந்தை வண்டியோடு நானே கண்டிருக்கிறேன். கண்டதை நான் சொல்லவில்லை. அதை நாகரிகம் என்று நினைத்திருந்தேன்.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மகள் வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அப்பா, நான் இப்ப எங்கை இருக்கிறன்?"

எனக்கு விளங்கவில்லை.

"லில்லெஸ்ட்ரோம் ஸ்டேஷனிலை உங்கடை கோயில் அன்ரி ஒராள் கண்டவ. 'ஹம்மர்பெஸ்டிலை இருந்து எப்ப வந்தனீர், அங்கை சரியான குளிரோ' எண்டு கேக்கிறா. நான் என்ன சொன்னனான் தெரியுமோ? 'நேற்று வந்தனான் அன்ரி, சரியான குளிர்' எண்டனான். என்னோடை இருக்கிறவர் எனக்குப் பக்கத்திலை நிக்கிறார். நான் அவரை ஆரெண்டு சொல்லேல்லை."

சின்ன வயதிலிருந்து பொய் சொன்னால் காது சிவக்கும் பிள்ளை. என்னைக் காப்பாற்றுவதற்காகத் தெருவில் நின்று பொய் சொல்லியிருக்கிறாள்.

மேசையில் உறை போட்ட புத்தகம் கிடந்தது. சப்பாத்தோடேயே உள்ளே வந்து அதை எடுத்தாள்.

"இதை வாசிச்சு ரயிலிலை அழுறியளாம், அம்மா சொன்னவ. என்ன கதை?"

அந்த நேரத்தில் வேறொன்றும் தோன்றாமல் கதையைச் சொன்னேன். சபையை விட்டுப் போன பெண் ஒருநாள் வீட்டுக்கு வருகிறாள். அவளோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது என்பது அவர்களுடைய கட்டுப்பாடு. தகப்பன் அவளுக்கென்று பக்கத்தில் தனியாக ஒரு சின்ன மேசை போடுகிறான். அந்த இடத்தில்தான் அழுதேன். அந்த மனிதனை நினைத்து எனக்கு அவ்வளவு கோபம் வந்தது என்றும் சொன்னேன்.

"அந்தாள் பக்கத்திலை ஒரு மேசையாவது போட்டது" என்றாள். "நீங்கள் என்னைத் துருவத்துக்கு அனுப்பிப்போட்டியள்."

மனைவி குசினியிலிருந்து, "பிள்ளை, சாப்பிட்டிட்டுப் போ" என்றாள்.

"நான் இருக்கிற இடத்தை அப்பா சொல்லட்டும் அம்மா. பிறகு வாறன். அவரோடை வாறன், இல்லாட்டி வரமாட்டன்."

கதவு சாத்தப்பட்டது. அன்று முழுவதும் அவள் மேல்தான் கோபமாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அது என் மேல் திரும்பியது.

கோயில் மண்டபத்தில், ஸ்டேஷனில் மகளைக் கண்ட அந்தப் பெண் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றார். தேநீரை வைத்துவிட்டுக் கிட்டப் போனேன்.

"தங்கச்சி, என்ரை மகள் லில்லெஸ்ட்ரோமிலைதான் இருக்கிறா. ஒரு பெடியனோடை. ஒரு வருசத்துக்கு மேலை."

"தெரியும் அண்ணை" என்றார் சாவதானமாக. "எங்கடை வீட்டிலையிருந்து ரெண்டு தெரு. நீங்கள் அப்பிடிச் சொல்லேக்கை நாங்கள் என்னெண்டு இல்லையெண்டுறது? அந்தப் பெடியன் நல்ல பெடியன். எங்கடை வாசல் பனியையும் தள்ளிவிட்டவன்."

நான் யாருக்காகப் பொய் சொன்னேன்? கேட்டவர்களுக்கெல்லாம் உண்மை தெரியும். எனக்குத் தெரிந்த ஸ்கொட்லாந்துபோல அவர்களுக்கு என் ஹம்மர்பெஸ்ட். நம்பாத ஆட்களுக்காக என் பிள்ளையை ஒளித்து வைத்திருந்திருக்கிறேன்.

மண்டப வாசலிலேயே நின்று மகளுக்குச் செய்தி அனுப்பினேன்: சொல்லிவிட்டேன்.

உடனே பதில் வந்தது: "ஆருக்கு?"

லில்லெஸ்ட்ரோம் அன்ரிக்கு என்று எழுதினேன்.

"அவவுக்குத் தெரியும்தானே. தெரியாத ஆக்களுக்குச் சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு போய்விட்டன. தெரியாதவர் என்று எனக்கு மிஞ்சியிருப்பது ஹம்மர்பெஸ்டை இன்னும் நம்பிக்கொண்டு கனடாவில் இருக்கும் மூத்த அண்ணன். அவருக்குத் தெரிந்தால் எங்கள் சொந்தம் முழுவதற்கும் தெரியும். அதனால்தான் அவரைக் கடைசிவரை தள்ளி வைத்திருந்தேன். நேற்றுப் பின்னேரம் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே தூக்கினார்.

"சொல்லு தம்பி. எப்பிடி, பிள்ளையின்ரை ஊரிலை இப்ப பகலும் இருட்டாமே?"

மனைவி எனக்கு எதிரே வந்து இருந்தாள்.

"அண்ணை, பிள்ளை அங்கை இல்லை" என்றேன்.