படைப்பு நாளில் மட்டும் இறங்கிய சுகர்

என் டைரியில் 3.3.2025, திங்கள் என்ற பக்கத்தில் இப்படி இருக்கிறது: "பகல் 11.20. கருப்பையா மாஸ்டர் போன். மீட்டரில் எண் இல்லை, 'ஹை' மட்டும். மயக்கம் இல்லை, வாந்தி இல்லை. குரல் வழக்கம்போல் சத்தம். 11.25 புறப்பாடு."

காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நர்ஸாக இருந்தேன். கடைசி எட்டு ஆண்டுகள் சுகர் பிரிவில். செவ்வாய்தோறும் நோயாளிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மீட்டர் வைத்துப் பார்ப்பது, நோட்டில் எழுதுவது, காலைத் தடவிப் பார்ப்பது எல்லாவற்றையும் அவர்களே செய்யக் கற்றுக் கொடுப்பது என் வேலை. இப்போது பணிக்கு வரும் பிள்ளைகள் அதை எப்படிச் செய்வது என்று கேட்கிறார்கள். நான் மூன்று மாதம் தப்பாகச் செய்த ஒரு கேஸைச் சொல்கிறேன். அதுதான் உபயோகமாக இருக்கும்.

1. பாகு விரல்

கருப்பையா மாஸ்டர் கல்யாண வீட்டுச் சமையல்காரர். வயது ஐம்பத்தாறு. எண்ணூறு இலை வரைக்கும் தனியாக நின்று இறக்கிவிடுவார். மனைவி பாண்டியம்மாள்தான் காய் நறுக்கும் குழுவுக்குத் தலைவி.

மீட்டர் எண் காட்டாமல் 'ஹை' என்று மட்டும் காட்டினால் சுகர் அறுநூறைத் தாண்டியிருக்கலாம் என்று அர்த்தம். ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனேன். அன்று அவருக்கு வேலை ஒரு பெரிய வீட்டில், பின்கட்டில் சமையல் கொட்டகை. மாஸ்டர் பாகு அண்டாவுக்கு முன்னால் கம்பீரமாக நின்று ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"படுக்கச் சொன்னேன்ல?"

"பாகு பதத்துக்கு வர்ற நேரம் சிஸ்டர். நான் படுத்தா அதிரசமும் படுத்துரும்."

"எந்த விரல்ல குத்துனீக?"

ஆள்காட்டி விரலை நீட்டினார். கட்டைவிரலுக்கும் அதற்கும் நடுவில் வெல்லப் பாகு மெல்லிய கம்பியாக இழுத்தது. பாகைத் தொட்டுப் பதம் பார்த்த விரல். அதே விரலில் ஊசி குத்தி, அதே பாகோடு ஸ்ட்ரிப்பில் வைத்திருக்கிறார்.

"மீட்டர் உங்க ரத்தத்தைப் பாக்கல மாஸ்டர். அதிரசத்தைப் பாத்திருக்கு."

சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, வேறு விரலில் குத்தினோம். 286.

"அறுநூறு இல்லைல? அப்ப நல்லாத்தான இருக்கு" என்றார்.

"இருநூத்தி எம்பத்தாறு எப்படி நல்லாருக்கும்?" என்று பாண்டியம்மாள் காய் நறுக்கும் மனையிலிருந்து கத்தினார். "உலைக்கு அரிசியைக் குறைச்சாச் சண்டைக்கு வாரீகள்ல? அந்தக் கணக்கு இதுல மட்டும் தெரியாதாக்கும்!"

2. பெருவிரல்

அன்று நான் 286க்காகப் பயப்படவில்லை. அவர் கால் விரலுக்காகத்தான். டிசம்பர் தொடக்கத்தில் ஒரு கரித்துண்டு அவருடைய வலது பெருவிரலில் விழுந்திருக்கிறது. சுகரால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டதால் அவருக்குச் சுட்டதே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது பாண்டியம்மாள்தான் பார்த்திருக்கிறார். புண் ஆறவில்லை. டிரெஸ்ஸிங், மாத்திரை எல்லாம் கொடுத்தும் ஓரம் கறுத்துக்கொண்டே வந்தது. டாக்டர் நேராகச் சொல்லிவிட்டார்: "மருந்து தன் வேலையைச் செய்யும். ஆனா சுகர் இறங்கணும். இந்த மாசம் முடியறதுக்குள்ள இறங்கலைன்னா விரலை எடுக்கிறதைப் பத்திப் பேச வேண்டியிருக்கும்."

மாஸ்டர் அன்றைக்குத்தான் முதல் தடவை சத்தமில்லாமல் பேசினார். "சிஸ்டர், அண்டாவைச் சாய்ச்சுக் கஞ்சி வடிக்கணும்னா பெருவிரலை ஊண்டித்தான் நிக்கணும். விரல் போனா நான் பரிமாறத்தான் போகணும்."

அவருக்குப் பரிமாறப் போவது என்றால் எனக்கு மறுபடி பயிற்சி நர்ஸாகப் போவது மாதிரி.

நோட்டை ஒழுங்காக எழுதியிருந்தார். தேதி, கிழமை, வேலை நடந்த இடம், காலை வெறும் வயிற்றில் ஒன்று, மாலை நான்கு மணிக்கு ஒன்று. சாப்பாட்டுக் கட்டத்தில் நாள் தவறாமல் ஒரே வரி: "காலை 2 இட்லி. மதியம் மோர் சோறு கொஞ்சம்."

"இதைச் சாப்பிட்டு முன்னூறு வராது மாஸ்டர். உண்மையச் சொல்லுங்க, பலகாரம் சாப்பிட்டீகளா?"

"கருப்பர் சத்தியமா இல்ல."

"பாயசம்?"

"சமைக்கிறவனுக்குச் சமைச்சதைப் பாத்தாலே வயிறு நெறைஞ்சிரும் சிஸ்டர். இலையில உக்காந்து நான் எந்தக் காலத்துல சாப்பிட்டேன்?"

பாண்டியம்மாளும் அதற்குச் சாட்சி சொன்னார். நான் நம்பவில்லை. மூன்று மாதம் செவ்வாய்தோறும் அதே கேள்வியைக் கேட்டேன், அதே பதிலைக் கேட்டேன். நடுவில் ஒருநாள் "பொய் சொன்னா விரல்தான் போகும்" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் அந்த மனிதர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

3. மூன்று வட்டம்

11.3.2025, செவ்வாய். மாஸ்டர் புதுக் காரணத்தோடு வந்தார்.

"வேலையில்லாத நாள்ல நூத்தி அறுபது, நூத்தி எழுபது. வேலைக்குப் போனா முன்னூறு. அடுப்புச் சூடுதான் ரத்தத்துல ஏறுது. விறகை விட்டுட்டு கேஸுக்கு மாறிரவா?"

எனக்குத் தேதிகளைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது. நோட்டை வாங்கி, வேலைக்குப் போயும் மாலை சுகர் இருநூறுக்குக் கீழே இருந்த நாட்களைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். மூன்றுதான் கிடைத்தன. 168, 174, 159. இடம் என்ற கட்டத்தில் மூன்றிலும் ஒரே வார்த்தை: படைப்பு.

செட்டிநாட்டு வீடுகளில் முன்னோருக்குச் சமைத்துப் படைத்துக் கும்பிடுவதுதான் படைப்பு. அதே மாஸ்டர், அதே விறகு, அதே சூடு. பலகாரமும் பாயசமும் அன்றைக்கும் உண்டு.

"படைப்பு அன்னைக்கு என்ன வித்தியாசமாச் செய்வீக?"

"ஒண்ணுமில்லையே. குளிச்சிட்டு ஈர வேட்டியோட நிப்பேன். ரொம்பப் பேச மாட்டேன்."

"அதான் சுகர் எறங்கியிருக்கு" என்றார் பாண்டியம்மாள்.

"வேற?"

"படைக்கிறதுக்கு முந்தி எதையும் நாக்குல வைக்க மாட்டோம். உப்பும் வாசத்துலதான், பதமும் கண்ணாலதான்."

"மத்த நாள்ல?"

"ருசி பாக்காம எப்படி சிஸ்டர் எறக்குறது?"

"அதை ஏன் நோட்டுல எழுதல?"

மாஸ்டர் உண்மையாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "நீங்க சாப்பிட்டதைத்தான எழுதச் சொன்னீக? அது ருசி பாக்குறது. அது எப்படிச் சாப்பாடாகும்?"

நான் சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

4. சொம்பு

சொன்னால் நம்ப மாட்டார் என்று தெரியும். "உள்ளங்கையில ரெண்டு சொட்டு சிஸ்டர். காக்கா எச்சில் அளவு" என்று அளவும் சொன்னார். அதனால் பாண்டியம்மாளிடம் ஒரு வேலை கொடுத்தேன். மாஸ்டர் எதையாவது வாயில் வைக்கும்போதெல்லாம், அதே கரண்டியால் அதே அளவை எடுத்து ஒரு சொம்பில் விட வேண்டும். தடுக்கக் கூடாது, திட்டக் கூடாது. இரண்டாவது நிபந்தனைதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

16.3.2025, ஞாயிறு. கோட்டையூரில் ஒரு காதுகுத்து. எனக்கு லீவு, போயிருந்தேன். அதிகாலையிலேயே தொடங்கியிருந்தார்கள். பாயசம் மட்டும் ஏழு தடவை: வெல்லம் போட்டதும், பால் சேர்த்ததும், ஏலக்காய் போட்டதும், இறக்கியதும், ஆறியதும், வீட்டுக்காரர் வந்து எப்படி என்று கேட்டதும், அவர் போனதும். உக்காரை இனிப்பில் ஒரு பிடி. இனிப்புக் கவுனி அரிசியில் இரண்டு பிடி. முதல் பால் பணியாரம் எப்போதும் மாஸ்டருக்குத்தான், 'பதம்' பார்க்க. அன்றைக்குப் பதத்தில் சந்தேகம் வந்து நான்கு.

பத்தரை மணிக்குச் சொம்பு நிறைந்தது. பாண்டியம்மாள் இன்னொரு சொம்பு எடுத்துக்கொண்டார். பந்தி முடிந்து இரண்டையும் மாஸ்டர் முன்னால் வைத்தோம். பாயசத்தில் சாம்பார் கலந்து, மேலே பணியாரம் மிதந்துகொண்டிருந்தது.

"என்ன இது?"

"உங்க காக்கா எச்சில்" என்றார் பாண்டியம்மாள். அதிகாலையிலிருந்து அடக்கி வைத்திருந்த வார்த்தை.

மாஸ்டர் எட்டிப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். "இதையா நான் தின்னேன்? மாட்டுக்குக்கூட வைக்க முடியாது."

நான் எதுவும் சொல்லவில்லை. அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். கை கழுவி மீட்டரில் பார்த்தார், 312. நோட்டை எடுத்து அவரே எழுதினார்: "2 இட்லி. மோர் சோறு. 2 சொம்பு."

5. தினமும் படைப்பு

இனிமேல் என்ன செய்யலாம் என்று அவரையே கேட்டேன். பாண்டியம்மாளை ருசி பார்க்கச் சொல்லலாமே என்றதற்கு, "அவ நாக்குல உப்பு மூட்டையையே கவுத்தாலும் தெரியாது" என்றார். "முப்பது வருசம் உங்களோட குடும்பம் நடத்துனா எந்த நாக்குத்தான் மரத்துப் போகாது?" என்று பதில் வந்தது. கடைசியில் அவரே தீர்மானித்தார்: எல்லா வேலையையும் படைப்பு என்று நினைத்துக்கொள்வது. நாக்கு கிடையாது.

அவருக்கு ஒரு பயம் இருந்தது. "உப்புத் தப்பிருச்சுன்னா ஊரே பேசும் சிஸ்டர். விரலைக் காப்பாத்திப் பேரை விட்டுருவேன்." அதற்கு என்னிடம் மருந்து இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

இரண்டு விஷயங்கள் மட்டும் சேர்த்தேன். ருசி பார்ப்பது நின்றால் அதே மாத்திரைக்குச் சுகர் ரொம்பவும் இறங்கிவிடலாம். டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றி வாங்கினோம். தாழ்ந்தால் வியர்க்கும் என்று வழக்கமாகச் சொல்லிக் கொடுப்போம், ஆனால் அடுப்படியில் நிற்பவருக்கு எந்நேரமும் வியர்வைதான். அதனால், கரண்டி பிடித்த கை நடுங்கினால் உடனே மீட்டர், எழுபதுக்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டோம். அடுத்தது செருப்பு. அடுப்புப் பக்கம் செருப்பா என்று முதலில் கொதித்தார். விரல் மூடிய புதுச் செருப்பு ஒன்றை வாங்கி, மஞ்சள் தெளித்து, கொட்டகையைத் தாண்டி வெளியே போடுவதில்லை என்று சமாதானமானார். ராத்திரி பாதம் பார்ப்பது பாண்டியம்மாள் பொறுப்பு.

மார்ச் முடிவில் மாலை சுகர் 190க்குள் வந்தது. டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, விரலைப் பற்றிப் பேசாமல் அடுத்த தேதி கொடுத்தார். 20.5.2025, செவ்வாய், புண் மூடியிருந்தது. மாஸ்டர் எங்கள் வரவேற்பறையில் எல்லோர் முன்னாலும் பெருவிரலை ஊன்றி, இல்லாத அண்டாவைச் சாய்த்துக் கஞ்சி வடித்துக் காட்டினார்.

பிள்ளைகளே, நான் கற்றது இவ்வளவுதான். "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால், எதைச் சாப்பாடு என்று அவர்கள் நினைக்கிறார்களோ அதைத்தான் சொல்வார்கள். காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன வேலை செய்தீர்கள் என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்கள் நோட்டிலேயே இருக்கும்.

ஒரு தகவல் மட்டும் பாக்கி. வைகாசியில் அரியக்குடி பக்கம் மாஸ்டர் சமைத்த ஒரு கல்யாணத்தில் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்பு விழுந்துவிட்டது என்று ஒரு பேச்சு உண்டு. மாஸ்டர் இல்லை என்கிறார். பாண்டியம்மாள் சிரிக்கிறார். பந்தியில் சாப்பிட்ட மூன்று பேரை விசாரித்தேன். ஒருவர் பிரமாதம் என்றார். ஒருவர் நேராக ரசத்துக்குப் போய்விட்டாராம். மூன்றாமவர் இரத்தக் கொதிப்புக்காரர், எந்தச் சாம்பாரிலும் உப்பு அதிகம் என்றுதான் சொல்வார். இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.