பன்னிரண்டு பேரில் ஒருத்தி

ஜூரியாக வரச் சொல்லி எனக்குக் கடிதம் வந்த கிழமை, டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் எனக்குத் தெரிந்த எல்லோரும் சட்டத்தரணிகளாகிவிட்டார்கள். பூசை முடிந்து பிரசாதத்துக்கு வரிசையில் நின்றபடி ஒருத்தி, "பிரெஞ்சு விளங்காது எண்டு சொல்லுங்கோ" என்றாள். பதின்மூன்று வயதில் இந்த நகரத்துக்கு வந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். அந்தப் பொய் என் வாயில் நிற்காது. "காது மந்தம் எண்டால் விட்டிடுவாங்கள்" என்றார் அவளுடைய கணவர். இன்னொருவர் நன்றாக யோசித்துவிட்டு, "உலகத்திலை எல்லாரும் கள்ளர் எண்டுதான் நான் நினைக்கிறன் எண்டு நீதிபதியிட்டைச் சொல்லுங்கோ, உடனை வீட்டை அனுப்புவார்" என்றார். அவர் அப்படித்தான் தப்பினாராம்.

நீதிமன்றம் என்றால் தப்பி வர வேண்டிய இடம் என்பது எங்கள் ஆட்களுக்கு எலும்பில் ஊறிய விஷயம். ஊரில் அதற்குக் காரணம் இருந்தது. இங்கே வீடு வாங்கி, வரி கட்டி, பனி தள்ளி, பேரப்பிள்ளை கண்ட பிறகும் அது போகவில்லை.

எனக்கோ போய்ப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. என்னைப் போகச் சொன்ன ஒரே ஆள் என் கணவர்.

"போட்டு வாரும்" என்றார். "அநியாயமாப் பிடிபட்டவனுக்கு எங்கடை ஆக்களிலை ஒராளாவது உள்ளுக்கை இருக்க வேணும்."

அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்துக்காரர். கட்டடங்களின் சூடாக்கிகளைத் திருத்துகிற வேலை. சட்டத்தை யார் எழுதினார் என்று பார்த்துவிட்டுத்தான் அதற்குக் கீழ்ப்படிவதா இல்லையா என்று முடிவெடுப்பேன் என்பார். ஆனால் ரொக்ஸ்பரோவில் எங்கள் தெருவில் ஒரு பூனைகூட இல்லாத நேரத்திலும் 'நில்' பலகை முன் காரை முழுதாக நிறுத்திவிட்டுத்தான் எடுப்பார். அது வேறை, இது வேறை என்பார். ஊரில் போர் முடிந்த அந்த வருடம், இங்கே நகரத்தின் நடுவே தெருவை மறித்து உட்கார்ந்தவர்களில் அவரும் ஒருவர். பொலிஸ்காரர் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். வழக்கு என்று ஒன்று எழுதி, பிறகு அவர்களே கைவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டால் இன்னும் சுலபமாக முடியும் என்று யாரோ சொன்னபோது, "எதுக்கு மன்னிப்பு?" என்று கேட்டவர் அவர். ஒவ்வொரு நவம்பரிலும், போரில் இறந்த போராளிகளின் நினைவுநாளுக்கு வேலைக்குப் போகமாட்டார். நான் திருகோணமலைக்காரி. எந்தக் கொடியின் மேலும் எனக்கு அவ்வளவு பிடிப்பில்லை. அவர் மேல் பிடிப்பு உண்டு. அதனால் நவம்பரில் நானும் கூடப் போவேன்.

பழைய நகரத்துப் பக்கம் இருக்கிற நீதிமன்றத்தில், ஒரு பெரிய கூடம் நிறைய ஆட்களை இருத்தி, ஒவ்வொருவராக அழைத்தார்கள். சாட்சியத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல உங்களால் முடியுமா என்று நீதிபதி கேட்டார். முடியும் என்றேன். அவ்வளவுதான். பன்னிரண்டு நாற்காலிகளில் ஒன்றில் இருத்திவிட்டார்கள். கோட்-டெ-நெய்ஜில் நான் வேலை செய்யும் மருத்துவமனை மருந்தகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். என் மேலாளர் ஒரு பெருமூச்சு விட்டார்.

குற்றம் சாட்டப்பட்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. நரைத்த தலை, தடித்த கண்ணாடி, கையால் பின்னிய ஸ்வெட்டர். எண்ணெய் ஏற்றிய ரயில்கள் குடிமனைகளுக்கு நடுவே போகக் கூடாது என்று சொல்லி, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருந்த சிக்னல் பெட்டியின் பூட்டை உடைத்து, தன்னைச் சங்கிலியால் தண்டவாளத்தோடு கட்டிக்கொண்டவர். அரை நாள் ரயில்கள் ஓடவில்லை. கூட நின்றவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இவர் மட்டும் ஜூரிதான் வேண்டும் என்று நின்றார். சாட்சிக் கூண்டில் ஏறி, "ஆம், நான்தான் செய்தேன்" என்றார். "இந்த நகரத்தின் பன்னிரண்டு பேரை நான் நம்புகிறேன். அவர்கள் வாயால் கேட்க விரும்பினேன்" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, மிகவும் பிடித்துவிட்டது.

வழக்கைப் பற்றி யாரோடும் பேசக் கூடாது என்று நீதிபதி தினமும் எச்சரித்து அனுப்புவார். என் கணவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் பத்திரிகையில் எல்லாம் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். காலையில் என்னை மெட்ரோவடியில் இறக்கிவிடும்போது, போர்முனைக்கு ஆள் அனுப்புகிற முகம். கோயிலில் தன் கூட்டாளிகளிடம், "என்ரை மனுசி உள்ளுக்கை இருக்கிறா. அந்த ரீச்சருக்கு ஒண்டும் நடக்காது" என்று சொல்லியிருக்கிறார். எனக்குப் பிறகுதான் தெரியும்.

கடைசியில் நீதிபதி எங்களுக்குச் சட்டத்தை விளக்கினார். வேறு வழியே இல்லாத, உடனடி ஆபத்து ஒன்று இருந்தால் சட்டம் மன்னிக்கும். இருந்ததா என்று முடிவு செய்வது உங்கள் வேலை. சட்டம் நல்லதா கெட்டதா என்பது உங்கள் வேலை அல்ல. பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வரவேண்டும்.

பிறகு எங்களை ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். இந்த இடத்தில் வாசகர் என்னை மன்னிக்க வேண்டும். அந்த அறைக்குள் யார் என்ன சொன்னார்கள், யார் அழுதார்கள், யார் கடைசிவரை முரண்டு பிடித்தார்கள் என்று வெளியில் சொன்னால் இந்த நாட்டில் அதுவே ஒரு குற்றம். மனநல ஆலோசகரிடம் மனம் திறக்கச் சட்டம் இப்போது ஒரு வாசல் விட்டிருக்கிறது. கணவனிடம் திறக்க வாசல் விடவில்லை. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் தமிழ்க் குடும்பத்தில் வாழ்ந்து பார்த்தவர்கள் இல்லை. இரண்டு இரவு ஹோட்டலில் வைத்திருந்தார்கள் என்பதை மட்டும் சொல்லலாம். சாப்பாடு உப்புச் சப்பில்லை.

தீர்ப்பு நாளன்று என் கணவர் வேலைக்கு லீவு போட்டு வந்து, பொதுமக்கள் வாங்கில் உட்கார்ந்திருந்தார். கலியாண வீட்டுக்குப் போடுகிற கோட்டைப் போட்டிருந்தார். எங்கள் ஜூரித் தலைவர் எழுந்து, குற்றவாளி என்றார். ஆசிரியையின் சட்டத்தரணி, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்றார். அது அவர்களுடைய உரிமை. ஒவ்வொருவராக எழும்பினோம். என் முறை வந்தபோது நானும் எழும்பி, இதுதான் உங்கள் தீர்ப்பா என்று கேட்டதற்கு ஆம் என்றேன். என் குரல் நடுங்கவில்லை. ஆசிரியை என்னைப் பார்த்துத் தலையசைத்தார். என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறைக்குள் நடந்ததைச் சட்டம் எவ்வளவு பொத்திப் பொத்தி வைத்தாலும், பன்னிரண்டு பேரும் ஒரே வாயாகச் சொல்ல வேண்டும் என்றும் அதே சட்டம்தான் சொல்கிறது. ஆகவே நான் என்ன சொன்னேன் என்பது ஊருக்கே தெரியும். ஏன் சொன்னேன் என்பதை மட்டும் சொல்லக் கூடாது.

மெட்ரோவிலும் அவர் பேசவில்லை. காரில் ஏறி, பெல்ட்டைப் போட்டுவிட்டு, "ஒராள் மாட்டன் எண்டு நிண்டிருந்தால் காணும்" என்றார்.

ஆசிரியைக்குச் சிறை இல்லை. சமூக வேலையும் நன்னடத்தைக் காலமும் கொடுத்தார்கள். அந்தச் செய்தியை நான் என் கணவரிடம் சொன்னபோது, "அது நீதிபதியின்ரை இரக்கம்" என்றார். உம்முடையது அல்ல என்று மிச்சத்தை நானே விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

சண்டை என்று ஒன்றுமில்லை. குப்பை வாளியை வெளியே வைத்தார், என் காருக்குக் குளிர்காலச் சில்லு மாற்றினார், சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்தார். கேட்டால் பதில் சொன்னார். அது சண்டையைவிட மோசம். என்னைப் பற்றி அவர் கொண்டிருந்த ஒரு மதிப்பு இறங்கிவிட்டது, அது இனி ஏறாது என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் என்னை விட்டுப் போகமாட்டார் என்று தெரியும். மதிப்பில்லாமல் கூடவே இருப்பார் என்பதுதான் பயம். எனக்குக் கோபமும் இருந்தது. ஏன் என்று சொல்ல என் அப்பாவின் வழக்குக்குப் போக வேண்டும்.

அப்பா திருகோணமலையில் தபால்காரராக இருந்தார். சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில், சைக்கிளைப் பிடித்தபடி நின்றவரைச் சுட்டுக் கொன்றார்கள். கண்டவர்கள் இருந்தார்கள். இரண்டு இராணுவத்தினர் மேல் வழக்கும் போட்டார்கள், அதுவே பெரிய அதிசயம். அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து, நான் படித்து, கலியாணம் கட்டி முடியும்வரை அந்த வழக்கு இழுபட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் தங்கள் மொழி பேசுகிற ஜூரியைக் கேட்க அங்கே சட்டத்தில் உரிமை உண்டு. கேட்டார்கள். கிடைத்தது. ஏழு பேர். என் சித்தப்பா மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சாட்சி சொன்னார். அந்த ஏழு பேரும் உள்ளே போய், அதிக நேரம் எடுக்காமல் வெளியே வந்து, இரண்டு பேரையும் விடுதலை செய்தார்கள். சித்தப்பா தொலைபேசியில் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டிருந்தா. வைத்துவிட்டு, "அந்த ஏழு பேருக்கும் தெரியும்" என்றா. என் கணவர் அப்போது, "அவங்கடை கோடு, அவங்கடை தீர்ப்பு" என்று சொல்லிக் கொதித்தார். எனக்கு அது நீதிமன்றம் பற்றிய விஷயமாகவே படவில்லை. ஏழு சாதாரண மனிதர், உண்மை தெரிந்தும், தங்கள் ஆட்களை விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களுக்கும் மனச்சாட்சி இருந்திருக்கும். அது தங்கள் பக்கமாக நின்றது.

இது நான் அந்த அறைக்குள் சொன்னது அல்ல. சொன்னேனா இல்லையா என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. இது எனக்குள் பல வருடமாக இருந்தது.

நவம்பர் வந்தது. நினைவுநாளுக்கு நானும் வெளிக்கிட்டேன். வரவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மண்டபத்தில் விளக்கேற்றி முடிந்து கோப்பி குடிக்கிற நேரம், அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, உள்ளுக்கை உண்மையிலை என்ன நடந்தது? வெருட்டினவங்களோ?"

"சொல்லக் கூடாது அண்ணை."

"எங்களுக்கு ரகசியம் காக்கத் தெரியாதே, பிள்ளை? நாங்கள் எவ்வளத்தைக் காத்தனாங்கள்."

"அப்ப நான் காக்கிறதும் உங்களுக்கு விளங்கும்தானே" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு என் கணவரைப் பார்த்தார். "அவ சொல்ல மாட்டா, விடுங்கோ" என்றார் என் கணவர். என் பக்கமாக அவர் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. எனக்குக் கண் கலங்கியது. கோப்பிக்குள் பார்த்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பின்னேரமே இருட்டிவிட்டது. நெடுஞ்சாலையில் ஏறியதும் அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"அண்டைக்கு றோட்டை மறிச்சதுக்கு என்னைக் கோட்டிலை ஏத்தியிருந்தால், நீர் ஜூரியிலை இருந்திருந்தால், என்ன சொல்லியிருப்பீர்?"

"மனுசியை ஜூரியிலை விடமாட்டினம்."

"விட்டால்?"

இதைப் பற்றிப் பேச எனக்கு எந்தத் தடையும் இல்லை. "நீங்கள் மறிச்சனீங்கள்தானே?" என்று கேட்டேன்.

"மறிச்சனான்."

"அப்ப குற்றவாளி எண்டுதான் சொல்லியிருப்பன். சொல்லிப்போட்டு, நீங்கள் வெளியிலை வரும்வரைக்கும் வாசலிலை நிண்டிருப்பன்."

"எங்கடை ஆள் எண்டு பாக்க மாட்டீரோ?"

"அப்பாவின்ரை வழக்கிலை அந்த ஏழு பேரும் அப்பிடித்தான் பாத்தவை."

இதையும் சேர்த்துக் கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். எங்கள் தெருவுக்குத் திரும்பி, வீட்டு வாசலில் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்தார். இறங்கவில்லை.

"அந்த ஏழு பேரும் தீர்ப்பைச் சொல்லிப்போட்டு வீட்டை போயிருப்பாங்கள்" என்றார். "மனுசி பிள்ளையள் சந்தோசமாக் கதவு திறந்திருப்பினம், என்ன?"

"இருக்கும்" என்றேன்.

"நீர் வந்த அண்டைக்கு நான் உமக்கு முகம் குடுத்தும் கதைக்கேல்லை" என்றார்.