இரண்டாம் கேமராவில் அம்மா

தோட்டத்து வீட்டில் கேமரா மாட்டியது நான்தான். கன்னிவாடிப் பக்கம் கிணற்று மோட்டார்களின் செம்பு ஒயரை அறுத்துக்கொண்டு போகிறார்கள் என்று அப்பா புலம்பிக்கொண்டிருந்தார். திண்டுக்கல்லில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையிலிருந்து சாமான் வாங்கிப் போனேன். நான்கு கேமரா, ஒரு பதிவுப் பெட்டி, அதற்குள் ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க். முதல் கேமரா வாசலுக்கு. இரண்டாவது துவைக்கிற கல்லுக்கு. மற்ற இரண்டும் மோட்டார் அறைக்கும் தென்னைக்கும். டிஸ்க் பதினைந்து நாள் தாங்கும், நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியதை எழுதிக்கொள்ளும் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"பதினஞ்சு நாளு கழிச்சா களவாணியப் பிடிக்கப் போறோம்?" என்று சிரித்தார்.

களவாணி வரவில்லை. ஒரு நாள் காலை ஏழு மணி வாக்கில் அம்மா துவைக்கிற கல்லருகே விழுந்தாள். மாரடைப்பு. அப்பா மோட்டார் அறையிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது உடம்பில் சூடு இல்லை.

மூன்றாம் நாள் அவர் என்னிடம் கேட்டார்.

"பாப்பா, அந்தப் பெட்டியில தெரியுமா?"

"என்னதுப்பா?"

"அவ என்னையக் கூப்பிட்டாளான்னு. மோட்டார் ஓடுற சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல."

"சத்தம் பதியாதுப்பா. படம் மட்டுந்தான்."

"எம் பக்கம் திரும்பிக் கையத் தூக்கிருந்தா தெரியும்ல?"

"தெரியும்."

பக்கத்தில் இருந்த தாய்மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் மச்சான், செத்த நேரம் சும்மா இருக்க மாட்டீகளா? பதினாறு முடியட்டும். அதுவரைக்கும் அந்தக் கண்றாவிய யாரும் பாக்க வேணாம். பாப்பா, அந்த ப்ளக்கத் தொட்டுறாத. விளக்கும் அதுலதேன் எரியுது."

அம்மாவின் படத்துக்கு முன் எரிந்த சின்ன பல்பும் பதிவுப் பெட்டியும் ஒரே ஒயரில் மின்சாரம் எடுத்தன. காரியம் முடியும்வரை விளக்கு அணையக் கூடாது. என் பையில் பென்டிரைவ் இருந்தது. எதையும் நிறுத்தாமல் பத்து நிமிடத்தில் அந்த ஒரு மணி நேரத்தை நகலெடுத்திருக்கலாம்.

"சரி மாமா" என்றேன்.

காரியத்துக்கு நான் பட்டியல் போட்டிருந்தேன். பந்தல், நாற்காலி, சமையல்காரர், சொல்ல வேண்டிய வீடுகள், இறப்புச் சான்றிதழ், ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம் என்று முப்பத்தோரு வரி. முடிந்ததை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். டிஸ்க் அதில் இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம், முதலில் நகல் எடுப்போம், மற்றதெல்லாம் பிறகு என்று சொல்கிறவள் நான். மறந்துபோனேன் என்று எழுத எனக்குத் துணிவில்லை.

பதினாறாம் நாள் கடைசிப் பந்தி எழுந்ததும், இரண்டு மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். டிஸ்கில் இருந்த மிகப் பழைய பதிவு, அம்மா இறந்த அன்று காலை ஒன்பது நாற்பதுக்குத் தொடங்கியது. அதற்கு முந்தையது எதுவும் இல்லை. முற்பகலில் நான் இலைக்குக் கூட்டு வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த ஏழு மணி போயிருக்கிறது. இருந்த பதிவில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி இறக்கினார்கள். பிறகு என் ஸ்கூட்டர் வந்தது. நான் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, அது விழுந்துவிடாதபடி கண்ணாடியில் மாட்டி, ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, அதன்பிறகுதான் உள்ளே ஓடினேன்.

டிஸ்கைக் கடைக்குக் கொண்டுபோய் எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். மேலே எழுதப்பட்டுவிட்ட இடத்திலிருந்து எதுவும் வராது என்று தெரிந்தே செய்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னேன்.

அவர் நம்பவில்லை. "நீ பாத்துட்ட."

"இல்லப்பா. அழிஞ்சுபோச்சு."

"எம்புட்டுப் பேரோடத மீட்டுக் குடுத்திருக்க. ஒங்க ஆத்தாளோடது மட்டும் வரலையாக்கும்? கூப்பிட்டிருக்கா. நான் வரல. அதை எங்கிட்டச் சொல்ல ஒனக்கு மனசு வரல."

பதிவுகளின் நேரப் பட்டியலை அச்செடுத்துக் காட்டினேன். அதை அவர் கையில் வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மூன்று ஞாயிறு இப்படியே போனது. அவர் இளைத்துவிட்டார். தென்னைக்குத் தண்ணீர் பாயவில்லை. மோட்டார் அறைப் பக்கமே அவர் போகவில்லை.

நான்காவது ஞாயிறு சொன்னேன். "கூப்பிடலப்பா. அப்படியே உக்காந்து சாஞ்சுருச்சு. ஒரு நிமிசம்கூட இல்ல."

"திரும்பலையா?"

"திரும்பல."

அவர் வெகுநேரம் அழுதார். பிறகு சாப்பிட்டார். மறுநாள் மோட்டார் போட்டதாக மாமா போனில் சொன்னார்.

அத்தோடு முடியும் என்று நினைத்தேன். ஆனால் நான் பார்த்தவள் ஆகிவிட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கேள்வி வைத்திருக்கிறார். என்ன சேலை கட்டியிருந்தாள்? பச்சைச் சுங்குடி. எந்தக் கை முதலில் தரையில் பட்டது? இடது. முன்னுக்குப் பின் மாறிவிடக் கூடாது என்பதற்காக, சொன்னதையெல்லாம் போனில் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

போன வாரம், "குழாய் தெறந்திருந்துச்சா?" என்றார்.

இதற்கு நான் யோசிக்கவே இல்லை. இரண்டாம் கேமராவின் சாய்ந்த கோணம், மூலையில் ஓடும் நேரம், வாளி நிறைந்து கல்லின் மேல் வழியும் தண்ணீர், நான் பார்க்காத எல்லாம் கண்முன் தெரிந்தது. அம்மா இன்னும் விழவில்லை. மோட்டார் அறைப் பக்கமாகத் திரும்பத் தொடங்கியிருந்தாள்.

"மூடித்தாம்ப்பா இருந்துச்சு" என்றேன்.