நீல நூல் கட்டிய வயர்

கேம்ப் கடைவீதியில் முப்பது வருஷமாகத் தையல்காரர் தேவநேசன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஆனால் வேலையில் ஒரு தையல் கோணினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பார். அப்படிப்பட்டவருக்கு அன்று காலை கை ஓடவில்லை. சபையின் வாட்ஸப் குரூப்பில் செயலாளர் ஜெரோஷ் எழுதியிருந்தது அப்படி: “சனிக்கிழமை ஆஷா சர்வீஸ் செய்த பிறகு ஆலய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. மதர்போர்டு போய்விட்டது. இனி வேலை தெரிந்தவர்களிடம் மட்டும் கொடுப்போம்.”

ஆஷா அவருடைய தங்கை. பதினைந்து வயதில், பழைய சாமான் கடையில் கிடந்த கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்குத் தூக்கிவந்து, திருகாணிகளைத் தீப்பெட்டிகளில் பிரித்துப் போட்டு, பத்து நாளில் ஓடவைத்தவள். இன்று விஷ்ராந்த்வாடியிலும் ஏரவாடாவிலும் அவளைவிட மூத்த கடைக்காரர்கள்கூட மராத்தியில் ‘தாயி’ என்று, அதாவது அக்கா என்று, கூப்பிடுகிறார்கள். மிஷன் பள்ளியின் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை இந்த வாரம் அவளுக்குக் கிடைப்பதாக இருந்தது. குரூப்பைப் பார்த்த அந்தப் பள்ளியின் நிக்கோல் டீச்சர், “இது தெளியட்டும், அப்புறம் பாப்போம்” என்று நிறுத்திவைத்துவிட்டார்.

“ஜெரோஷ் இன்ஜினியராம். மூடியக் கழத்திப் பாத்தாராமா?” ஆலயத்துக்குப் போகும் ஆட்டோவில் வழிநெடுகப் பொருமினார் தேவநேசன்.

“அண்ணே, அங்க வந்து சண்ட போடக்கூடாது.”

“நான் எங்க சண்ட போடுதேன்? சும்மா கூட நிக்கப்போறேன்.”

ஆபீஸில் ஜெரோஷ் நாற்காலியை விட்டு எழவில்லை. “மூணு தடவ பட்டனை அமுக்கிப் பாத்துட்டேன். ஃபுல் டெட். நானும் ஐடிலதான் இருக்கேன், எனக்குத் தெரியாதா?”

“எங்க வீட்டு பெல்ல பால்காரர் அஞ்சு தடவ அமுக்குவாரு தம்பி. அவரு இன்னும் இன்ஜினியர் ஆகல.”

“அண்ணே, ருக்கோ” என்று தடுத்தாள் ஆஷா. பிளக் பாயிண்டில் தன் போன் சார்ஜரைச் செருகினாள்; சார்ஜ் ஏறியது. கரண்ட் இருக்கிறது. திரையின் சின்ன விளக்கும் எரிந்தது. திரைக்குப் போகும் வயரை உருவி, கம்ப்யூட்டர் பெட்டியின் பின்னால் மாட்டி, பட்டனைத் தொட்டாள். உள்ளே ஃபேன் சுழன்றது.

“மதர்போர்டு நல்லாத்தான் இருக்கு சார். பெட்டிக்குப் போற வயர்தான் செத்துருக்கு.”

“அப்போ நீ மாட்டின வயரே சரியில்லன்னுதானே அர்த்தம்?”

தேவநேசன் அந்தச் செத்த வயரை எடுத்து, முனையிலிருந்து முனைவரை விரலால் தடவினார். சனிக்கிழமை கடையை அடைத்துவிட்டுத் தங்கையோடு வந்தவர் அவர். வயர்கள் குழம்பக்கூடாதென்று திரையின் வயரில் வெள்ளை நூலும், பெட்டியின் வயரில் நீல நூலும் தன் கையால் கட்டியிருந்தார். வெள்ளை நூல் இருக்கிறது. இந்த வயரில் நூலே இல்லை.

நீல நூல் வயரைத் தேடி ஆலயத்துக்குள் போனார். பாட்டுக்குழுவின் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால், நீல முடிச்சு அவிழாமல் இருந்தது. அங்கே ஆலயத்துப் பொருள் எல்லாருக்கும் பொது. கேட்டு எடுக்கும் வழக்கமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தங்கள் வயர் செத்துப்போனதும் பாட்டுக்குழுவில் யாரோ ஆபீஸ் வயரை உருவியிருக்கிறார்கள். இடம் சும்மா கிடக்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் செத்த வயரை ஆபீஸ் பெட்டியில் செருகிவிட்டும் போயிருக்கிறார்கள்.

நீல நூல் வயரை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னார். ஜெரோஷ் சிரித்தார். “சரி விடுங்கண்ணா, சின்ன விஷயம். ஓடுதுல்ல?”

சின்ன விஷயம். தேவநேசனுக்குக் காது சூடேறியது. முந்நூறு குடும்பம் படித்த விஷயம்.

“குரூப்ல சொன்னத குரூப்லயே மாத்திச் சொல்லுங்க தம்பி. நான் நிக்கேன்.”

ஜெரோஷ் வேண்டாவெறுப்பாகப் போனை எடுத்து, ‘ஆபீஸ் கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது’ என்று எழுதிக் காட்டினார். தேவநேசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“கெட்டுப்போச்சுன்னு சொல்லும்போது பேர் போட்டீங்க. சரியாச்சுன்னு சொல்லும்போது பேரக் காணுமே.”

“அண்ணே, போதும்” என்றாள் ஆஷா. அவர் நகரவில்லை. மறுபடி எழுதப்பட்டது: ‘கம்ப்யூட்டரில் எந்தப் பழுதும் இல்லை. வயர் மாறியிருந்ததை ஆஷா கண்டுபிடித்தார். நான் விசாரிக்காமல் எழுதியது தவறு.’ அது குரூப்பில் போய் விழுந்த பிறகுதான் கண்ணாடியைக் கழற்றினார்.

ஆட்டோ ஏறுமுன் ஆஷாவின் போன் அடித்தது. நிக்கோல் டீச்சர். “நாளைக்குக் காலைல லேபுக்கு வந்துருங்க.”

“வாறேன் டீச்சர்” என்று திரும்பிப் பார்த்தாள். அண்ணனைக் காணவில்லை. அவர் ஆபீஸுக்குள்ளேயே குனிந்து நின்று, பெட்டியில் மாட்டிய வயரின் நீல நூலுக்கு இரண்டாவது முடிச்சு போட்டுக்கொண்டிருந்தார்.