காலர் அக்காவின் சுவர்

காலர் அக்கா முழுச் சட்டை தைப்பவள் அல்ல, சட்டைக்குக் காலர் மட்டும் தைப்பவள். கம்பெனியிலிருந்து வெட்டிய துணி மூட்டையாக வரும். அதை மடித்து அடித்து, முனையைக் கூராகத் திருப்பி, கட்டுக் கட்டாக அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். "உடம்பையும் கையையும் வேற யாரோ தைக்கிறாங்க. அவங்க மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல" என்பாள். அவள் வீட்டுக்கு நேர் எதிரே பட்டனும் நூலும் விற்கிற கடை என்னுடையது. பாதி நாள் கடையில் ஈ ஓட்டுவேன். எதிர்வீட்டைப் பார்க்க எனக்கு நேரம் நிறைய உண்டு.

வீடு அவள் தம்பியுடையது. கல்யாணமாகிப் போனவள் சீக்கிரமே பெட்டியோடு திரும்பி வந்தபோது, ஒரு கேள்வி கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தவன் அவன். தெருவைப் பார்த்த முன்னறையை அவளுக்கென்று ஒதுக்கினான். பிறகு அவனுக்கும் கல்யாணம் ஆயிற்று, ஒரு மகளும் பிறந்தாள். அக்காவின் மெஷின் மட்டும் அதே அறையில் ஓடிக்கொண்டே இருந்தது. நல்ல தம்பிதான், நான் குறை சொல்ல மாட்டேன். சொன்னால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டாள்.

தம்பி மனைவி வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்ததில் வந்தது வினை. பணம் வந்து சேரவில்லை, கார்டு வேலை செய்யவில்லை என்று போனில் கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்துகிற உத்தியோகம் அவளுக்கு. அவள் அறைக்கும் அக்காவின் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மோட்டார் போட்ட மெஷின் இந்தப் பக்கம் கடகடத்தால் அந்தப் பக்கம் மேஜையே அதிரும். "ஏம்மா, ரயில்ல போயிட்டே பேசறியா?" என்று ஒரு ஆள் கேட்டானாம். மேலதிகாரி ஒருமுறை கண்டித்தார், இரண்டாம் முறை வேலையை யோசித்துக்கொள் என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா நூல் வாங்க வந்தாள். நூல் ஒரு சாக்கு.

"தம்பி சொல்றான், பக்கத்துத் தெருவுல எனக்குன்னு ஒரு ரூம் பாத்துரலாமான்னு. எனக்கும் சௌகரியமா இருக்குமாம்."

"உங்களுக்கு என்ன சௌகரியம்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பட்டன்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை என்பதில்லை. அறை வாடகைக்குக் கிடைக்கும், காலர் எங்கே உட்கார்ந்தும் தைக்கலாம். ஆனால் தனியாக ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க அவளுக்கு மனசில்லை. "சத்தம்தானே பிரச்சினை? சத்தத்தை நிறுத்திட்டா?" என்று அவளே கேட்டாள், அவளே தலையாட்டிக்கொண்டாள்.

முதலில் எல்லாரும் செய்கிற முட்டாள்தனத்தைத்தான் அவளும் செய்தாள். முட்டை அட்டைகளைச் சேர்த்துச் சுவர் முழுக்க ஒட்டினாள், அதன்மேல் பழைய மெத்தை விரிப்பைத் தொங்கவிட்டாள். அறைக்குள் எதிரொலி குறைந்ததே தவிர அடுத்த அறைக்குப் போகிற சத்தம் இம்மியும் குறையவில்லை. கோழிப்பண்ணைக்குள் உட்கார்ந்து தைக்கிற மாதிரி இருக்கிறது என்று நான் கேலி செய்தேன். எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டாள்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. மெஷின் காலுக்குக் கீழே கனமான ரப்பர் வைத்தாள், தரை வழியாகப் போகிற அதிர்வு அடங்கியது. மெஷினைப் பொதுச்சுவரை விட்டு எதிர்ப்பக்கம் நகர்த்தினாள். கதவுக்கு அடியில் விரல் நுழைகிற சந்து இருந்தது, அதற்கு ரப்பர் பட்டை அடித்தாள். சுவரின் இரண்டு பக்கமும் ஸ்விட்ச் பெட்டிகள் முதுகோடு முதுகாக இருந்தன. நடுவில் வெறும் ஓட்டை. அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் தெரிந்தது. எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு பெட்டியை இடம் மாற்றி, ஓட்டையைப் பூசி அடைத்தாள். கடைசியாகத் தச்சர் வந்து, சுவரைவிட்டுக் கொஞ்சம் தள்ளிச் சட்டம் நிறுத்தி, நடுவில் பஞ்சுப் பாளங்களைச் செருகி, மேலே கனமான பலகை அடித்தார்.

அந்த நாட்களில் அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் இவள் மெஷினை ஓட்டுவாள், தம்பி மனைவி அந்தப் பக்கம் நின்று குரல் கொடுப்பாள்.

"கேக்குது அண்ணி!"

"இப்போ?"

"இப்பவும் கேக்குது! ஆனா ரயில் தூரமா போயிருச்சு!"

இரண்டு பேரும் சிரிப்பது என் கடை வரைக்கும் கேட்கும். ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்தும் அவர்கள் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. பலகை அடித்த அன்று அக்கா மெஷினை ஓட்டினாள், நிறுத்தினாள், பதிலுக்குக் காத்திருந்தாள். பதிலே இல்லை. மறுபடி ஓட்டினாள். கடைசியில் தம்பி மனைவி சுற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்து, "எத்தனை தடவை கத்துறது? சுத்தமா கேக்கலை அண்ணி!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். தம்பி ரூம் பார்க்கிற பேச்சை விட்டான். எனக்கே நிம்மதியாக இருந்தது.

ஆனால் சத்தம் ஒருவழிப் பாதையில் போவதில்லை. முன்பெல்லாம் மெஷின் நின்றால் அக்காவுக்குக் கை ஓய்ந்தது என்று தெரிந்து ஒரு கப் டீ வரும். இப்போது எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. டீ ஆறிப்போய் மேஜையில் இருக்கும், அல்லது இருக்காது. தம்பி மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை வீசுகிற சத்தம், தம்பி குளிக்கும்போது பாடுகிற கண்றாவிப் பாட்டு, எதுவும் அக்காவின் அறைக்குள் வரவில்லை. "காதுக்குள்ள பஞ்சு வச்ச மாதிரி இருக்கு" என்றாள் என்னிடம். "கதவைத் திறந்து வைங்களேன்" என்றேன். "திறந்தா சத்தம் போகுமே" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் மூடிய கதவை நான் எப்படித் திறப்பது?

ஒரு சனிக்கிழமை. தம்பி மனைவியின் தங்கை புது வீட்டுக்குக் குடிபோயிருந்தாள், அதைப் பார்க்க மூன்று பேரும் காலையில் கிளம்பினார்கள். சனிக்கிழமைகளில் அக்கா காலர்களைக் கொடுக்கக் கம்பெனிக்குப் போவது வழக்கம். அன்று வேலை முடியாததால் போகவில்லை. தம்பி ஹாலில் நின்று "அக்கா!" என்று கூப்பிட்டது வாசல் வழியாக என் காதில்கூட விழுந்தது. முன்னறை ஜன்னல் சாத்தியிருந்தது, பதில் இல்லை. வெளியே வந்து கிரில் கேட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். அக்கா முன்னாடியே கிளம்பிப் போயிருப்பாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

மதியம் முன்னறை ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது.

"என்னக்கா, கம்பெனிக்குப் போகலையா?"

"சும்மா, காத்து வாங்குறேன்."

அப்போதுதான் கிரில்லுக்குப் பின்னால் அவள் செருப்பு கிடப்பதைப் பார்த்தேன். பூட்டையும் பார்த்தேன். மூன்று பேர் அந்தச் செருப்பைத் தாண்டிப் போயிருக்கிறார்கள், ஒருத்தர்கூட குனிந்து பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

"உங்ககிட்ட சாவி இல்லையா?"

"இருக்கு. பூட்டு வெளியில தொங்குதே, உள்ளேருந்து கை எட்டலை."

"ஜன்னல் வழியா குடுங்க, நான் திறந்து விடறேன்."

"வேணாம். திறந்து நான் எங்க போகப்போறேன்? சாப்பாடெல்லாம் இருக்கு."

"அப்போ போன் பண்ணிச் சொல்லுங்க! உள்ள ஆள் இருக்கான்னுகூட பாக்காம பூட்டிட்டுப் போவாங்களா?"

"பண்ணலாம்னுதான் எடுத்தேன்" என்றாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "என்னன்னு சொல்றது? நான் வீட்லதான்டா இருக்கேன்னா? அதை என் வாயால எப்படிச் சொல்றது?" அழுதாள். அழுதுகொண்டே, "நீ எதுவும் சொல்லிராத. அவனுக்குத் தெரிஞ்சா நொந்துபோயிருவான்" என்றாள். சத்தியம் பண்ணச் சொல்லி என் உள்ளங்கையைக் கம்பி வழியாகத் தட்டினாள்.

இருட்டுகிற நேரத்தில் அவர்கள் வந்தார்கள். குழந்தை தோளில் தூங்கிப்போயிருந்தது. தம்பி பூட்டைத் திறந்தான், உள்ளே போனார்கள், பின்னறையில் விளக்கு எரிந்தது. இன்றைக்கு ஒரு சண்டையாவது நடக்கட்டும் என்று நான் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்னறைக் கதவு மெல்லத் திறந்தது. அக்கா தோளில் பையை மாட்டியிருந்தாள். குனிந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கேட்டைச் சத்தமில்லாமல் விலக்கித் தெருவுக்கு வந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள், தலையைக் கோதிவிட்டுக்கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு அந்த வீட்டின் காலிங் பெல்லை அழுத்தினாள்.

தம்பி மனைவி வந்தாள்.

"இப்பதான் வர்றீங்களா அண்ணி? காலைல சொல்லாமயே கிளம்பிட்டீங்க!"

"அவசரமா வரச் சொல்லிட்டாங்கம்மா. தங்கச்சி வீடு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள வாங்க அண்ணி."